ரோட்டெனித்ஸில் வீடு வாங்கியவர்கள்

ரோட்டெனித்ஸ் ஜெர்மனியின் வடகிழக்கு மூலையில், போலந்து எல்லையை ஒட்டிய ஊர். பெர்லின் சுவர் விழுந்த கையோடு அங்கிருந்த இளசுகள் வேலை தேடி மேற்கே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. மிஞ்சிய கிழடுகளும் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போகப் போக, வீடுகளின் சன்னல்களுக்குப் பலகை அடிக்கப்பட்டது.

மேற்கு ஜெர்மனியின் ஹம் நகரத்து அடுக்குமாடியில் நெருக்கியடித்து வாழ்ந்து அலுத்துப்போய்த்தான் சுகன்யாதேவி குடும்பம் அங்கே வீடு வாங்கியது. தோட்டத்தோடு மலிவாகக் கிடைத்த வீடு. வயோதிபர்களை வீடு தேடிப்போய்ப் பராமரிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் குளிப்பாட்டிய கிழவர்கள் வரிசையாகச் செத்தார்கள். பேருந்து நின்றது. மருத்துவர் ஓய்வுபெற்றுப் போனார், வேறொருவர் வரவில்லை. மர ஆலையை மூடியதும் கணவன் பரராசசிங்கம் ஹம்முக்கே திரும்பி, தமையன் வீட்டில் தங்கி வேலைக்குப் போனான். வீட்டை விற்க விளம்பரம் போட்டார்கள். எட்டிப் பார்க்கவும் ஆளில்லை.

அந்த நிலையில்தான் ஊர்த் தலைவி யூலியா அவளைத் தனியே கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தைக் கோடையோடு மூடப்போகிறார்கள் என்று சொன்னாள். மகள் ஆதிரைக்காகத்தான் சொல்வதாகவும், அறிவிக்கும்வரை வெளியில் விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். சுகன்யாதேவி வீட்டுக்குப் போன கையோடு ஜெயமலருக்குத் தொலைபேசி எடுத்து, தங்கள் வீட்டை வாங்கச் சொன்னாள்.

ஜெயமலர் ஹம்முக்குக் கிட்டவுள்ள கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருந்தாள். புருஷன் இறந்து ஒரு வருடம். சுவரெல்லாம் பூஞ்சணம் பூத்த வீட்டில் சின்ன மகள் தேனுஜாவோடு இருந்தாள். ஆதிரை பிறந்தபோது ஹம்முக்கு வந்து நின்று சுகன்யாதேவிக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவள் அவள்தான்.

"பள்ளிக்கூடம் கிட்டவோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஓம். வாசலிலை நிண்டால் தெரியும்."

அது பொய்யில்லை. கட்டிடம் தெரியும்தான்.

"பிறகேன் நீங்கள் வெளிக்கிடுறியள்?"

"இவர் அங்கை, நான் இங்கை. இப்பிடிப் பிரிஞ்சிருக்க ஏலாது, மலர்."

கடுகு வயல்கள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் மே மாதத்தில் வரச் சொன்னாள். வருவதற்கு முதல் நாள், பக்கத்து வெறும் வீட்டின் பலகைகளைக் கழற்றிவிட்டு, தன் பழைய திரைச்சீலைகளை அதன் சன்னல்களில் தொங்கவிட்டாள். அங்கே யார் என்று ஜெயமலர் கேட்டதற்கு, வேலைக்குப் போயிருப்பினம் என்றாள். யூலியா வந்து கை குலுக்கித் தேனுஜாவின் கன்னத்தைத் தட்டினாள். பள்ளியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஜெயமலர் தோட்டத்து மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். இவ்வளவு காற்றும் வெளிச்சமும் தன் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை என்றாள். சுகன்யாதேவி உள்ளே போய்த் தேநீர் போட்டாள்.

ஜெயமலர் வீட்டை வாங்கினாள். கோடையில் சுகன்யாதேவி குடும்பம் ஹம்முக்கு வர, ரோட்டெனித்ஸில் பள்ளி மூடப்பட்டது. ஜெயமலர் பலமுறை தொலைபேசி எடுத்தாள். சுகன்யாதேவி எடுக்கவில்லை. மாரியில் தேனுஜாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்ததையும், பனியில் அம்புலன்ஸ் வந்து சேரத் தாமதமானதையும், பிள்ளைக்கு ஒரு காது கேளாமல் போனதையும் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தாள். காய்ச்சல் எங்கேயும் வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த தேர்த்திருவிழாவில், ஹம் கோயில் வீதியில், மகளின் கையைப் பிடித்தபடி ஜெயமலர் நேரே அவளிடம் வந்தாள். சனத்துக்கு முன்னால் ஏசப்போகிறாள் என்று சுகன்யாதேவி கூசிப்போனாள். ஜெயமலர் குரலை உயர்த்தவேயில்லை.

"வீட்டை வாங்க ஆள் வந்திருக்கு. நிருபமா எண்டு, இந்தியப் பிள்ளை. வால்டோர்ஃபிலை கொம்பியூட்டர் வேலை, இனி வீட்டிலை இருந்தே செய்யலாமாம். முதல் இருந்த ஆக்களோடை கதைக்க வேணுமாம்."

"நான் என்னத்தைச் சொல்லுறது, மலர்?"

"எனக்குச் சொன்னதைச் சொல்லுங்கோ."

"அந்தப் பிள்ளைக்குக் குழந்தை ஏதும்..."

"கைக்குழந்தை," என்றாள் ஜெயமலர். "என்ரை பிள்ளைக்கு ஆறு வயசு." நிருபமாவின் எண்ணை அழுத்தித் தொலைபேசியை அவள் கையில் வைத்தாள்.

நிருபமா மரியாதையாகப் பேசினாள். ஊர் அமைதியா, தமிழர்கள் அடிக்கடி வருவார்களா என்றெல்லாம் விசாரித்தாள். கடைசியாக, "ஹாஸ்பிட்டல் பக்கத்துல இருக்கா அக்கா? பாப்பா ரொம்பச் சின்னது, அதான் கேக்கறேன்," என்றாள்.

தேனுஜா காதுக் கருவியைத் தடவியபடி இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயமலரும் பார்த்தாள்.

"ஓம்," என்றாள் சுகன்யாதேவி. "கிட்டத்தான்."

ஜெயமலர் தொலைபேசியை வாங்கிக்கொண்டு, மகளை அழைத்துக்கொண்டு அன்னதானப் பந்தலுக்குப் போனாள். பரராசசிங்கம் வந்து, மலர் என்ன கேட்டவ என்று விசாரித்தான். சுகம் விசாரிச்சவ என்றாள்.

இலையுதிர் காலத்தில் ஜெயமலர் கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பினாள். நிருபமாவும் புருஷனும் குழந்தையும் முதல் பனி விழுமுன் ரோட்டெனித்ஸில் குடியேறினார்கள்.