சீல் உடைந்த எஸ்.எம்.பி.எஸ்.

சகலைக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கையைக் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்காரர் நானூற்றைம்பதுக்கு விற்றிருந்தார். துடைத்துப் பளபளப்பாக்கிய பழைய கீபோர்டைப் புதுசென்று அவர் தலையில் கட்டிய விலை அது. சில மாதத்தில் ஒரு பட்டன் கழன்று, அடியிலிருந்து எவனோ தின்ற பிஸ்கட் துகள் கொட்டியது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை மனைவிமார் வழியாகத்தான். அக்காளும் தங்கையுமான அவர்கள் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட சகலை ஒரு காலையில் பழைய கம்ப்யூட்டர் கேபினட் ஒன்றைத் தூக்கிவந்து கண்ணாடி மேஜை மேல் தொப்பென்று வைத்தார்.

"எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு. எதிர்க்கடை இன்னும் தொறக்கல. தொறந்திருந்தா இந்தப் படி ஏறுவேனா?"

அவருக்கு எம்பிராய்டரி தொழில். தையல் மெஷினுக்குப் பூவும் கொடியும் சொல்லிக்கொடுப்பது இந்தக் கம்ப்யூட்டர்தான். புதுக் கம்ப்யூட்டர் எதுவும் அந்த மெஷினோடு பேசாது. இப்போது அதற்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி செத்துக் கிடந்தது. சீருடைச் சின்னம் தைக்கும் ஆர்டர் பாதியில் நின்றது. இது ஓடாவிட்டால் மெஷின் இரும்புக்கடைக்கு, அவர் எவனிடமாவது கூலிக்கு.

கடைக்காரர் மூடியைக் கழற்றினார். கம்பெனி பெயரைப் பார்த்ததும் புருவம் ஏறியது. பிளக் ஊர் உலகத்துப் பிளக் மாதிரியே இருக்கும். உள்ளே வயர்களை மட்டும் அந்தக் கம்பெனி இடம் மாற்றி வைத்திருக்கும், வேறு யாரிடமும் வாங்கிவிடக் கூடாதென்று. வியாபாரி என்ற முறையில் அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவருக்கு மரியாதையே உண்டு.

"சகல, இதுல சாதாவை மாட்டக்கூடாது. பிளக் ஒண்ணுதான், உள்ள வயர் எடம் வேற. மாட்டினா மதர்போர்டு கருகிரும். நான் வயரை மாத்தித் தர்றேன். அதுக்குத் தனிக் கூலி."

"வந்துட்டாருய்யா தனிக் கூலிக்கு!" சகலை அலமாரியிலிருந்து ஒரு புது எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்துக் கேபினட்டில் வைத்துப் பார்த்தார். நாலு ஸ்க்ரூ ஓட்டையும் நூல் பிசகாமல் பொருந்தின. பிளக்கையும் போர்டில் அழுத்தினார். டக். "பாருங்க, புது மாப்பிள்ளை மாதிரி உக்காருது. இதுக்குப் போயி கூலியாம்."

"பொருந்துதே, அதான் வில்லங்கம்!"

"பொருந்தலன்னா ஒரு காசு, பொருந்தினா ஒரு காசா? உங்க கடையில தும்மினாக் கூட பில்லு வரும் போல."

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. பிளக்கைப் பிடுங்கி, எஸ்.எம்.பி.எஸ்ஸோடு பின்னறைக்குப் போனார். பிளக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கம்பெனி சீலைக் கிழித்து, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு வயராக நெம்பி எடுத்து இடம் மாற்றிச் செருகினார். சகலை மேல் இருந்த ஆத்திரத்தில் இரண்டு தடவை விரலைக் குத்திக்கொண்டார். திரும்பி வந்து மேஜையில் வைத்தபோது சகலை குனிந்து பார்த்தார்.

"சீல் உடைஞ்சிருக்கு."

"உடைக்காம எப்படிய்யா மாத்துறது?"

"பின்னறையில என்ன மாத்தினீங்கன்னு யாருக்குத் தெரியும்? புதுச உள்ள வச்சிட்டுப் பழசக் கொண்டாந்தீங்களோ என்னவோ. உங்களுக்குக் கை வந்த கலைதானே."

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை ஷட்டர் கடகடவென்று ஏறியது. சகலை கேபினட்டை அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டார்.

நாசமாகப் போகட்டும் என்றுதான் கடைக்காரர் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்து கத்தினார்: "யோவ், அத மாட்டாதய்யா! போர்டு போயிரும்!"

எதிர்க்கடைக்காரன் சீல் பிரியாத பெட்டியை நீட்டியபடி சிரித்தான். "யாவாரம் கை நழுவிப் போச்சுல்ல, வயிறு எரியத்தான் செய்யும்."

மத்தியானம் கருகிய நாற்றம் முதலில் கடைக்குள் வந்தது, பிறகு சகலை.

"இப்பக் குளுகுளுன்னு இருக்குமே உனக்கு?"

"சொன்னேன்ல?"

"கூலியோட சேத்துச் சொன்னே. கூலி கேக்காம சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"கூலி கேக்காம நான் சொல்லியிருந்தா, இதுல பெருசா என்னமோ இருக்குன்னு ஓடியே போயிருப்பே."

சகலை கேபினட்டை மேஜை மேல் தள்ளினார். அது வாஸ்தவம்.

டிஸ்க் பிழைத்திருந்தது, மெஷினுக்குப் போகும் கார்டும் பிழைத்திருந்தது, போர்டுதான் காலி. கடைக்காரர் எப்போதோ ஏலத்தில் எடுத்த கழிவுக் குவியலைக் கிளறி, அதே கம்பெனிப் போர்டு ஒன்றை உருவினார். பிறகு செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்ஸின் பிளக்கையும், காலையில் தான் மாற்றியதையும், ஒரு சாதாப் பிளக்கையும் பக்கம் பக்கமாக வைத்தார்.

"என்னை நம்ப வேணாம். கலரப் பாரு."

சகலை வயர் வயராக விரல் வைத்துப் பார்த்தார். முதல் இரண்டும் ஒரே வரிசை. மூன்றாவது வேறு.

"இதக் காலையிலயே காட்டித் தொலைச்சா என்ன?"

கடைக்காரர் வாயாலேயே விற்றுப் பழகியவர். காட்டலாம் என்று தோன்றவே இல்லை.

போர்டு இரண்டாயிரம், எஸ்.எம்.பி.எஸ். ஆயிரத்து இருநூறு, கூலி முந்நூறு. ஆகமொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு. சகலை ஆயிரத்து ஐந்நூறை எண்ணி வைத்தார். "மிச்சம் மெஷின் ஓடினப்புறம்."

மெஷின் ஓடியது. சீருடைகள் போய்ச் சேர்ந்தன. மனைவி வழியாகச் செய்தி வந்தது: எதிர்க்கடையில் வீணாய்க் கொடுத்த ஆயிரத்து நூறைப் பாக்கியில் கழித்துக்கொள்ள வேண்டுமாம், இவர் போதுமான சத்தத்தில் கத்தவில்லையாம்.

ஆக, சகலை கணக்கில் பாக்கி தொள்ளாயிரம். கடைக்காரர் கணக்கில் இரண்டாயிரம். இரண்டில் எதுவும் இன்னும் வந்து சேரவில்லை.