வேணியின் காலில் ஒரு கட்டைவிரல்

1

இந்தக் கதையை ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் எடுத்தேன். காலி சீட் இருந்தும் ஒரு பெண் நின்றுகொண்டே வந்தார். உட்காரச் சொன்னேன். "வேணாங்க. உக்காந்தா, போறவங்க யார் பையாச்சும் கால்ல இடிச்சா உயிரே போயிரும்" என்றார். அவருக்கு வேணி என்று பெயர் வைத்தது நான். கணவர் நல்லதம்பியும் அவருடைய தென்னூர் செல்போன் கடையும் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேணி ஒல்லியாகி—’

இல்லை. முகம், கை, இடுப்பு எல்லாம் மெலிந்தன. கால்கள் அப்படியே இருந்தன.

"முப்பது கிலோ போயிருச்சு. இந்தக் கால் மட்டும் யாருதுடி? ஒளிச்சு வச்சு முறுக்குத் திங்கிறியா?" என்றார் நல்லதம்பி.

"ஒரு இட்லிக்கே வயிறு முட்டிக்குதுங்க. மணப்பாறை போனா வாங்கிட்டு வந்து என் முன்னாடி கடிக்கிறது யாராம்?"

நல்லதம்பி சிரிக்கவில்லை. வயிற்றை இன்னும் சுருக்க, வெள்ளிக்கிழமை இரண்டாவது அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிட்டார்.

3

(விளக்காமல் என்னால் இருக்க முடியாது. இது லிப்பிடிமா. பெரும்பாலும் பெண்களுக்கு வரும் வலிக்கிற கொழுப்பு. இரண்டு காலிலும் ஒரேபோல் இறங்கி, கொலுசு போடும் இடத்தில் வரப்பு கட்டியதுபோல் நின்றுவிடும். பாதம் மெலிந்தே இருக்கும். வயிற்றைச் சுருக்கினால் மற்ற கொழுப்பு கரையும், இது எளிதில் அசையாது. கட்டைவிரலால் அழுத்தினால், நீர் வீக்கத்தில் குழி விழும். இதில் விழாது; வலிக்கும், கன்றிப்போகும். இதோ, வேணியின் இடது கெண்டைக்காலில் அழுத்துகிறேன். பார்த்தீர்களா? குழி இல்லை.)

4

மறுநாள் கதையைத் திறந்தால், நான் எழுதாத ஒரு பத்தி இருந்தது. வேணியின் இடது கெண்டைக்காலில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம்.

"யாரு அமுக்குனா?" என்றார் நல்லதம்பி.

"வீட்டுல நீங்களும் நானும்தானேங்க இருக்கோம்."

பிறகு வேணி நிமிர்ந்தாள். நேராக என்னைப் பார்த்தாள்.

5

மூன்றாம் பகுதியை அழித்தேன். நீலம் போகவில்லை, பச்சையாகியிருந்தது. அழித்ததைத் திரும்ப வைத்தேன்.

ஒரு முடிவு: ‘வெள்ளிக்கிழமை அவளை ஸ்ட்ரெச்சரில்—’ வேண்டாம்.

இன்னொன்று: அறுவை சிகிச்சை செய்யவிருக்கும் டாக்டர் அல்ஷிஃபா அவள் காலை அழுத்திப் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லி, தேதியை ரத்து செய்கிறார். எனக்கு இதுதான் வேண்டும். டாக்டரின் கையை அவள் காலருகே கொண்டுபோனேன்.

வேணி காலை இழுத்துக்கொண்டாள். "இது டாக்டரம்மா கை இல்ல. அன்னிக்கு அமுக்குன கை."

"உங்க நல்லதுக்குத்தாங்க" என்றேன்.

"வலிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. என் கையை எடுத்துவிட்டேன். டாக்டரின் கையும் கூடவே மறைந்துவிட்டது.

நாளை வெள்ளிக்கிழமை. யாராவது தொட்டுப் பார்க்காமல் அந்த நோயின் பெயர் வெளியே வராது. வேணி இப்போது என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் உங்கள் கட்டைவிரலைப் பார்க்கிறாள். முதலில் கேளுங்கள்.