பூஜ்யம் என்று சொன்ன வரி

ரமலான் மூன்றாம் நாள், நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது, "படித்துச் சரிபார்த்தேன், லஸ்ஹர்" என்று ஒரு நிரலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். படித்தேன் என்பது பாதிப் பொய். நூற்றிருபது வரியில் முதல் எண்பதைத்தான் படித்தேன். மீதி நாற்பதும் வேலை நடுவில் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சொல்லும் வரிகள்: பிடித்த இடத்தை விடு, போட்ட பூட்டைத் திற, வந்த வழியே திரும்பிப் போ. எங்கள் தொழிலில் அந்தப் பகுதியை யாரும் ஆசையாகப் படிப்பதில்லை. அன்றைக்கு என் மூக்கு வேறு அடுப்படியில் பிரிக் என்கிற முட்டைப் பலகாரம் பொரிகிற வாசனையில் இருந்தது.

பெருநாள் முடிந்து பத்து நாளாகிறது. இன்று காலை பதினோரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கணினியின் அடிநிரலான கர்னலுக்குள் ஸ்கேன் படங்களை வட்டில் எழுதி வைக்கும் பகுதி எங்கள் கைவேலை; நான் கையெழுத்துப் போட்ட நிரலும் அதில்தான். ஒருவரின் முதுகெலும்புப் படங்களுக்கு நடுவே வேறொருவரின் முழங்கால் வந்திருக்கிறது என்றார்கள். முழங்காலாக இருந்ததால் கண்ணில் பட்டது. தலைக்குள் தலை வந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

என் மனைவி ஜலீலா அதே மருத்துவமனையில் ரமலான் இருபத்து மூன்றாம் நாள் தலைக்கு ஸ்கேன் எடுத்திருந்தாள்.

இரண்டு மாதமாக அவளுக்குத் தலைவலி. தலை சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவள் எனக்கு அனுப்பிய செய்தி ஒரே ஒரு எண்: 0. என் தொழிலில் பூஜ்யம் என்றால் தவறு எதுவும் இல்லை. தவறு என்றால் மைனஸ் எண். மைனஸ் ஐந்து என்றால் படிக்க முடியவில்லை. என்னோடு பதினொரு வருடம் குடித்தனம் நடத்தி அவளும் இதைக் கற்றுக்கொண்டாள். கோபம் வந்தால், "மைனஸ் அஞ்சு! என்னை உன்னால படிக்க முடியாது, போ" என்பாள். அந்த பூஜ்யத்துக்காக நான் கைருவான் ஊரிலிருந்து மக்ரூத் என்கிற பேரீச்சம்பழ இனிப்பு வரவழைத்து அலுவலகம் முழுக்கக் கொடுத்தேன்.

நிரலை எழுதிய உமைமா என் பக்கத்து மேசை. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இருவரும் அந்த நாற்பது வரியை விரல் வைத்துப் படித்தோம். நூற்றுப் பதினோராவது வரியில் அவள் விரல் நின்றது.

"அய்யோ! அண்ணே, இதப் பாருங்க."

"என்ன?"

"வட்டுல எடம் பத்தாம எழுதறது நின்னு போகுது. அந்தப் பிழை எண்ணை ஒரு டப்பாவுல போட்டு வைக்கிறேன். அப்புறம் பிடிச்ச எடத்தை விடுவிக்கிறேன். அது ஒழுங்கா முடிஞ்சு பூஜ்யம்னு சொல்லுது. அந்த பூஜ்யத்தையும் அதே டப்பாவுல போட்டுட்டேன். பிழை எண் அழிஞ்சு போச்சு."

அவ்வளவுதான். படம் முழுதாக எழுதப்படவில்லை. துடைத்துப் பெருக்கிய வேலை மட்டும் சரியாக முடிந்தது. அதனால் எல்லாமே சரி என்று ஸ்கேன் கருவிக்குப் பதில் போயிருக்கிறது. கோப்பு அந்த இடத்தைத் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்க, அடுத்து வந்தவரின் படம் அதே இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

"எழுதினது நான்தான், இல்லேங்கல," என்றாள் உமைமா. "ஆனா கீழ உங்க கையெழுத்து இருக்கே அண்ணே. எந்தக் கண்ணால படிச்சீங்க?"

"படிக்கல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரே இடத்தை இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடுகின்றனவா என்று வட்டு முழுக்கத் தேட ஒரு சின்ன நிரல் எழுதினோம். அது ஓட நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் எனக்கு நரகம். இன்று காலை ஜலீலா காபிக் கோப்பையைக் கீழே போட்டு உடைத்ததும், "கை வழுக்கிடுச்சு" என்று சிரித்ததும் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தன. யா ரப்பி, அவள் எண் மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டினேன். மற்றவர்கள் எண் இருந்தால் பரவாயில்லையா என்று என்னை நானே கேட்டு, வெட்கப்பட்டு, மறுபடியும் அதையே வேண்டினேன்.

பட்டியலில் பெயர் கிடையாது, எண்கள்தான். மொத்தம் நாற்பத்தொன்று. அவளுடைய ஸ்கேன் சீட்டு என் பர்ஸில் இருந்தது. முப்பத்தோராவது எண் அவளுடையது. முன்பாதிப் படங்கள் அவள் தலை. பின்பாதி அவளுக்குப் பிறகு அங்கே படுத்த யாரோ ஒரு புண்ணியவானின் தலை. டாக்டர் சுத்தம் என்று சொன்னதில் பாதி அவனுக்குச் சொன்னது.

"யாருண்ணே அது?" என்றாள் உமைமா, என் கையிலிருந்த சீட்டைப் பார்த்து.

"ஜலீலா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பட்டியலை ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பறேன். நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க."

எனக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது. வழக்கமான மறுபரிசோதனை என்று மருத்துவமனையே அவளைக் கூப்பிடட்டும், என் கையெழுத்துக் கதை அவளுக்குத் தெரியவே வேண்டாம். சத்தமில்லாமல் துடைத்துவிட்டு பூஜ்யம் சொல்வது. நூற்றுப் பதினோராவது வரி செய்ததும் அதைத்தானே. போனை எடுத்தேன்.

"என்ன, வேலை நேரத்துல? பூஜ்யம்தானே?" என்றாள் ஜலீலா.

"மைனஸ் அஞ்சு."

"யாரு மேல கோவம் உனக்கு?"

"கோவம் இல்ல. உன் ஸ்கேனைப் படிக்கவே முடியல ஜலீலா. அதுல பாதி உன் தலையே இல்ல. தப்பு என்னோடது. நான் கடைசி வரைக்கும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது போனில் கேட்டது.

"அப்ப தலைக்குள்ள ஏதாவது இருக்கா?"

"தெரியாது."

"இல்லையா?"

"அதுவும் தெரியாது. இன்னிக்கே மறுபடியும் எடுத்துடலாம். நான் வந்துட்டே இருக்கேன்."

"லஸ்ஹர்." அவள் குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "காலையில கை வழுக்கல. கோப்பையை என் கையால பிடிக்கவே முடியல. பெருநாள்லேருந்தே இப்படித்தான். ஸ்கேன்தான் பூஜ்யம்னு சொல்லிடுச்சேன்னு உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."