எதிர் எதிரே இரண்டு இலை

ஆரணியில் ஜகந்நாதனுக்குப் பிள்ளை பிறந்ததில் எங்களுக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது.

அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர் எம்பாருக்குத் திருவள்ளூர்ப் பெருமாள் கோவில் மடப்பள்ளியில் தளிகை பண்ணும் கைங்கரியம். பெருமாள் ஞாயிற்றுக்கிழமையும் அமுது செய்ய வேண்டும், தீபாவளியன்றும் அமுது செய்ய வேண்டும். அதனால் சமைக்கிறவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. பங்காளி வீட்டில் ஒரு பிறப்போ இறப்போ நேர்ந்தால் மட்டும் பத்து நாள் தீட்டு. அந்த நாட்களில் மடப்பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது, கோவிலுக்குள்ளும் போகக் கூடாது. முறைக்காரர் வேறொருவர் வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வார். ஜகந்நாதன் இவருடைய சித்தப்பா பிள்ளை. சாவுத் தீட்டில் எங்கேயும் போக மனம் வராது. இது சந்தோஷத் தீட்டு.

இவர் கிணற்றடியில் உட்கார்ந்து பழைய தாம்புக்கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"மெட்ராஸ் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமா?"

"கோவிலுக்குப் போகக் கூடாதே. அங்கே போய் என்ன பண்றது?"

"கோவிலைத் தவிர மெட்ராஸ்ல ஒண்ணுமே இல்லையா?"

கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். "இருக்கும். நாம பார்த்ததில்லை."

உண்மைதான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்து போன ஊர் எல்லாம் பெருமாள் இருந்த ஊர். காஞ்சிபுரம் என்றால் எனக்குச் சந்நிதித் தெரு, திருக்குளம், தீர்த்தம். ஸ்ரீபெரும்புதூரும் அப்படியே. திருவல்லிக்கேணிக்குப் போயிருக்கிறோம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடற்கரைக்குப் போனதில்லை. சேவித்தவுடன் ரயிலுக்கு நேரமாகிவிடும்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மெட்ராஸ் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இவருக்கு எதிரே உட்கார்ந்து, இவர் சாப்பிடும் அதே நேரத்தில் நானும் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு வேளை போதும்.

எங்கள் வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவது. யாரும் அதைச் சட்டமாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இவர் உச்சிக்காலம் முடிந்து வருவார், இலை போடுவேன், பரிமாறுவேன், தூணருகே நிற்பேன். இவர் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். பிறகு அந்த இலையில் நான் உட்காருவேன். ஒருநாள் இவரே, "நீயும் போட்டுக்கோயேன்" என்று சொன்னதுண்டு. என்னால் முடியவில்லை. அடுப்பும் இலையும் இருக்கும் இடத்தில் என் கால்கள் தாமாக நின்றுகொள்கின்றன. வேறு ஊருக்குப் போனால் கால்கள் மறந்துவிடுமோ என்று ஒரு நப்பாசை.

குழந்தைகளைக் கடம்பத்தூரில் என் அக்கா செங்கமலவல்லியிடம் விட்டோம். அங்கிருந்து காலைப் பாசஞ்சரில் ஏறினோம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் டிபன் கேரியரோடு ஆட்கள் கூட்டமாக இறங்கினார்கள். தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்து இவர், "இதெல்லாம் எத்தனை பெரிய அடுப்பு" என்றார். நான் சிரித்தேன். இவர் நிஜமாகவே வியந்துதான் சொன்னார். என்னிடம் இருந்த பையில் புளியோதரையும் தயிர்சாதமும் இருந்தன. மடப்பள்ளி அடுப்பைத் தொடுகிற கை வெளியே யார் சமைத்ததையும் தொடாது. ஹோட்டல் காபிகூட இவர் குடித்ததில்லை.

சென்ட்ரலுக்கு எதிரே ஒரு சத்திரத்தில் இடம் பிடித்துக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்கு நடந்தோம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் கீழே இவர் அண்ணாந்தபடி நின்றுகொண்டே இருந்தார். விலா எலும்புகளுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாக இவர் முகத்தில் விழுந்தது. நாற்பது வயதில் ஒரு மனிதர் இப்படி வாய் பிளந்து நிற்க முடியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. மடப்பள்ளியில் இவர் வாய்க்கு எப்போதும் ஒரு துணி கட்டியிருக்கும். பெருமாளுக்கு ஆகும் பண்டத்தில் மூச்சுக்காற்று படக் கூடாது. ருசி பார்க்கக் கூடாது, வாசனை பிடிக்கக் கூடாது. அந்த வாய் திறந்து நான் பார்த்தது குறைவு.

வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தின் வாசலில் இவர் நின்றுவிட்டார். உள்ளே வரிசையாகப் பெருமாள்கள், நாச்சிமார்கள்.

"தீட்டோட போலாமா?" என்று என்னிடம் கேட்டார், எனக்குத் தெரியும் என்பதுபோல.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர், "இன்னா சாமி, உள்ள போங்க. கூச்சப்படாதீங்க, கடிக்காது" என்றார்.

இவர் போகவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தார். தாமரைப் பீடத்தில் நின்ற ஒரு பெருமாளின் விரல்களை, இடுப்பு வளைவை, உதட்டோரத்துச் சிரிப்பை வெகுநேரம் பார்த்தார். "என்ன கை. எந்த ஊர் ஸ்தபதியோ" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "எத்தனை வருஷமா இவருக்கு ஒருவேளை தளிகைகூட இல்லாம நிக்கறாரோ."

இவர் கண் கலங்கியிருந்தது. வெண்கலத்தின் பசிக்குக் கலங்குகிற இந்த மனத்தை நான் மதிக்கிறேன். அந்த நிமிஷமும் மதித்தேன். கூடவே உள்ளுக்குள் ஒரு சின்னக் குரல், இந்த மனிதருக்குப் பின்னால் தூணருகே ஒருத்தி நிற்கிறாளே என்றது. அந்தக் குரலை நான் அதட்டவில்லை.

சாயங்காலம் கடற்கரை. மணல் அவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடக்க நடக்கக் கடல் தள்ளித் தள்ளிப் போயிற்று. பிறகு சட்டென்று காலடியில் வந்து புடவைக் கரையை நனைத்தது. இவர் பஞ்சகச்சத்தை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அலையில் நின்றார். அலை மண்ணை அரித்துக்கொண்டு போகும்போதெல்லாம், "வைஜயந்தி, பூமி நழுவறது பார்" என்று கூப்பிட்டார். கட்டுமரங்கள் கறுப்பு இமைகள் மாதிரி தூரத்தில் ஏறி இறங்கின. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. சுண்டல்காரன் குரல், பட்டாணி வாசனை, யாரும் யாரையும் கவனிக்காதது எல்லாம்.

நல்ல சமயம் என்று பையைப் பிரித்தேன். இரண்டு மந்தாரை இலைகளை எடுத்து மணலில் விரித்தேன். ஒன்றில் புளியோதரை வைத்தேன். இவர் உட்கார்ந்தார். இன்னொன்றிலும் வைத்தேன்.

"உட்காரேன்" என்றார்.

"நீங்க ஆகட்டும்."

அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. அது தானாக வந்தது. திரும்பிப் பார்த்தால், தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றுகொண்டிருந்தேன். சாய ஒரு தூண் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இவர் சாப்பிட்டு முடித்தார். கடலைப் பார்த்தபடி பிறகு நான் சாப்பிட்டேன். காற்றில் என் இலையில் மணல் ஏறியிருந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இவரைச் சொல்லி என்ன பயன்?

மறுநாள் காலை இவர் பூவன் பழம் ஒரு சீப்பு வாங்கி வந்தார். அதுதான் அன்றைக்கு ஆகாரம் என்று ஏற்பாடு. கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது, சாயங்கால ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். பழங்களைச் சாப்பிட்டுவிட்டு மவுண்ட் ரோடில் நடந்தோம். எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளை எண்ண முயன்று, கழுத்து வலித்து, இவர் விட்டுவிட்டார். ஒரு பக்கத்துத் தெருவில் நெய் வாசனை வந்தது. சைவ ஹோட்டல். வாசல் கரும்பலகையில் அன்றைய காய்கறிகளை எழுதியிருந்தார்கள்.

நான் நின்றுவிட்டேன்.

"ஒரு வேளை," என்றேன். "ஒரே ஒரு வேளை இங்கே சாப்பிடலாமா?"

நான் கேட்டது பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். 'மடப்பள்ளி எம்பார் ஹோட்டலில் சாப்பிட்டானாம்' என்று ஊரில் யாராவது சொன்னால் போதும். கேட்டதை வாபஸ் வாங்க வாயெடுத்தேன். அதற்குள் இவர், "பதினோராம் நாள் ஸ்நானம், புண்யாகவாசனம், பூணூல் மாத்திண்டு எல்லாம் ஆனப்புறம்தானே உள்ளே போகப் போறேன்" என்றார். எனக்குச் சொல்வதுபோல இல்லை, கரும்பலகைக்குச் சொல்வதுபோல இருந்தது. "அதோட இதுவும் போயிடும்."

பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "மத்தவா எப்படிப் பண்றான்னு பார்க்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா உண்டு" என்றார்.

ஒன்பது வருஷமாக இவர் மனசில் அப்படி ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத இவர் இன்னும் எவ்வளவு என்று தோன்றியது.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என்று உள்ளே சின்னச் சின்ன அறைகள் தடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைத் திரை. தேசப்பன் என்று ஒரு சர்வர் எங்களை ஒன்றில் உட்காரவைத்தார். பளிங்கு மேஜையில் எதிர் எதிரே இரண்டு இலை போட்டார். சாதம், பருப்பு, நெய், குழம்பு, கூட்டு, பொரியல் என்று இரண்டு இலையிலும் ஒரே சமயத்தில் விழுந்தன. சர்வர் வெளியே போகும்போது திரையை இழுத்துவிட்டார்.

உடனே இவர் எழுந்தார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபமா? மனம் மாறிவிட்டதா? திரைக்குக் கீழே இவர் பாதங்கள் தெரிந்தன. குதிகால்கள் என் பக்கம். அப்போதுதான் புரிந்தது. கோவிலில் பெருமாள் முன்னால் தளிகையை வைத்து, திரையைப் போட்டால், சமைத்தவர் வெளியே வந்து முதுகு காட்டி, வாய் பொத்தி நிற்க வேண்டும். பெருமாள் அமுது செய்வதை யாரும் பார்க்கக் கூடாது. உள்ளே மணி அடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். இலை நிறைந்தது, திரை விழுந்தது. இவர் கால்களும் என் கால்களைப் போலத்தான்.

வெளியே தேசப்பன் குரல் கேட்டது.

"இன்னா சாமி, இங்க நின்னுக்கினு கீறீங்க? உள்ள அம்மா தனியா குந்திக்கினு கீறாங்க. எதுனா பேஜாரா?"

"இல்லை... மணி அடிக்கட்டும்னு..."

"இன்னா மணி? இங்க கல்லாவுல துட்டு உயுந்தா அடிக்கும், அத்தோட சரி. உள்ள போ சாமி, நெய்யி ஆறிடப் போவுது."

பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். இவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் சிரிக்கவில்லை. திரைக்குள்ளே ஆவி பறக்கும் இலையின் முன் தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்காக ஒரு இலை நிறைந்து, எனக்காக ஒரு திரை விழுந்து, எனக்காக ஒருவர் வெளியே முதுகு காட்டி நின்றிருக்கிறார், தெரியாமல் செய்த தப்பாகத்தான் என்றாலும். அபசாரமான நினைப்புதான். ஆனால் அந்த நிமிஷத்தில் என் கால்கள் எழுந்திருக்க மறந்துபோயின. அவற்றை மேஜைக்கு அடியில் நீட்டிக்கொண்டேன்.

இவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது. "அசடு மாதிரி நின்னுட்டேன்" என்றார். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டார். அது பளிங்கில் நிற்காமல் ஓடி என் மடியில் சொட்டியது. நான் துடைத்துக்கொண்டேன்.

"ம், சாப்பிடு" என்றார்.

"நீங்க—"

மிச்ச வார்த்தையை விழுங்கினேன். சாதத்தைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டேன். இவரும் போட்டுக்கொண்டார்.

சூடு. நாக்கு பொத்துப் போய்விடும்போல இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன, காரமா?"

"இல்லை. சுடறது."

"சாதம்னா சுடத்தானே சுடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். வீட்டில் நான் உட்காரும்போது எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்பது அப்போதுதான் இவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன் பக்கம் இருந்த நெய்க்கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு இவர் பேச ஆரம்பித்தார். சாப்பிடும்போது இவர் பேசி நான் கேட்டதே இல்லை. குழம்பில் போட்ட பெருங்காயம் உசத்தியான பால்காயம் என்றார். பொரியலைக் கடைசியில்தான் உப்புப் போட்டு வதக்கியிருக்கிறான், கெட்டிக்காரன் என்றார். "இந்த ஆள் ருசி பார்த்துப் பார்த்துப் பண்றவன். எனக்கு அந்த வழி இல்லை. கொதியைப் பார்த்துத்தான் உப்பு. இவன் கை வேற மாதிரி, ரொம்ப நன்னா இருக்கு." பொறாமை துளியும் இல்லாத பாராட்டு. தேசப்பனைக் கூப்பிட்டு, "உள்ளே பண்றவர்கிட்டே சொல்லுங்கோ, கூட்டு பிரமாதம்னு" என்றார்.

"சொல்றேன் சாமி. திட்டுறதுன்னாத்தான் எல்லாரும் சொல்லி அனுப்புவாங்கோ."

நடுவில் என்னிடம், "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் பழக்கமில்லை. இலையைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக மறுபடி எடுத்து வாயில் வைத்து, நிதானமாக, பாடம் படிப்பதுபோல ருசித்துப் பார்த்தேன். "வாழைக்காய்ப் பொரியல்" என்றேன் கடைசியில். ஒரு தீர்ப்பைக் கேட்டதுபோல இவர் தலையசைத்துக்கொண்டார்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டதில் நான் பின்தங்கிவிட்டேன். இவர் மோர்சாதமும் முடித்துவிட்டார். எதிர் இலையில் ஆள் இருக்கும்போது எழுந்திருப்பது மரியாதை இல்லை என்பதால், கை காயக் காய உட்கார்ந்திருந்தார். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. தேசப்பன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"ஆச்சா சாமி? வெளிய ஆளுங்க நிக்கிறாங்கோ."

நான் அவசரமாகச் சாதத்தை ஒதுக்கினேன். இவர் காய்ந்த கையை இலைமேல் வைத்தபடி, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்:

"எனக்கு ஆயிடுத்து. என் ஆத்துக்காரி இன்னும் சாப்பிட்டுண்டிருக்கா. திரையைப் போடுங்கோ."

திரை விழுந்தது. இவர் எழுந்து போகவில்லை. ஒதுக்கிய சாதத்தை நான் மறுபடி இலையின் நடுவுக்கு இழுத்து, மோர் விட்டுப் பிசையத் தொடங்கினேன்.