தண்ணி காட்டிய போன்

என் கணவரைக் கடையில் எல்லோரும் 'தண்ணிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தெரியாதவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். பாவம், சோடாவைக்கூட அளவாகக் குடிக்கிற மனிதர். போன் கடையில் வேலை. கண்ணாடித் தொட்டியில் புதுப் போனை முக்கி எடுத்து, "பாத்தீங்களா, அசரவே இல்ல" என்று காட்டுவது அவர் பொறுப்பு. அந்தப் பேச்சு அவருக்குத் தண்ணி பட்ட பாடு. தன் சொந்தப் போனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தே வருவார்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, அந்தப் போன் என் கையிலிருந்து விழுந்தது. விழுந்தது என்பதும் பொய்தான். அவருடைய மேனேஜர் நாலாவது முறையாகக் கூப்பிட்டு "எப்ப வருவார்?" என்று கேட்டதும், கோபத்தில் சமையல் மேடைமேல் ஓங்கி வைத்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். பின்கண்ணாடி சுக்குநூறு.

அன்றைக்கே தெருமுனை ரிப்பேர் கடையில் மாற்றிவிட்டேன். கடைக்காரர் துடைத்துக் கொடுத்தார். "புதுசு மாதிரியே இருக்கும்மா. ஆனா தண்ணி பக்கம் மட்டும் விட்டுடாதீங்க. கம்பெனி ஒட்டின பசை போச்சு. இது என் பசை."

சொல்லியிருக்கலாம். ஆனால் சாமான்மேல் கோபத்தைக் காட்டாதே என்று அவர் எனக்குப் புத்தி சொன்ன வாரம் அது. வாய் வரவில்லை, நாள் போகப் போக இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து மேகம் கறுத்தால் பிளாஸ்டிக் உறையோடு வாசலில் நிற்பேன். "போனுக்கு ரெயின்கோட்டா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொள்வார்.

போன் போனால் போகட்டும். அதற்குள் எங்கள் மகள் இருந்தாள். மாதம் நிறையுமுன் பிறந்தவள், ஒன்றேகால் கிலோ. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். தினம் ஒரு படம் எடுத்தோம், பிழைப்பாளா என்று தெரியாமலே. போன் மாறும்போதெல்லாம் அந்தப் படங்களும் கூடவே வந்தன, வேறெங்கும் கிடையாது. "இன்னொரு எடத்துல போட்டு வைங்களேன்" என்றால், "இதுக்கு என்ன ஆகப்போகுது?" என்பார். நானே செய்யலாமென்றால் அவர் விரல் பட்டால்தான் அது திறக்கும்.

அந்த ஒன்றேகால் கிலோவுக்கு இப்போது ஏழு வயது. நீச்சல் வகுப்பின் கடைசி நாளில் குளத்தின் முழு நீளத்தையும் கடக்கப்போகிறாள்.

"அப்பா, தண்ணிக்குள்ள விட்டு வீடியோ எடுக்கணும். மேலேருந்து எல்லா அப்பாவும் எடுப்பாங்க."

"உங்கப்பா யாரு? தண்ணிக்காரன்!"

வீட்டில் சொல்ல நினைத்தேன், ஆட்டோவில் நினைத்தேன், செருப்பைக் கழற்றும்போதும் நினைத்தேன்.

பயிற்சி தருகிற மிஸ் விசில் ஊதினார். மகள் எதிர்முனையில் குதித்தாள். இவர் இந்த முனையில் குந்தி உட்கார்ந்து போனைக் கீழே இறக்கினார். பக்கத்திலிருந்த ஒரு அப்பா எட்டிப் பார்த்தார். "சார், நெஜமாவே உள்ள விடப்போறீங்களா?"

"பாருங்க சார்."

தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கை நின்றது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தேன். அதற்குமேல் தாங்கவில்லை.

"என்னங்க! வேணாம்! அத நான் ஒடச்சு ஒட்டி வச்சிருக்கேன்!"

குளமே திரும்பிப் பார்த்தது. "ஆறு மாசமாச்சு. உள்ள தண்ணி போயிடும். பாப்பா படமெல்லாம் போயிடும்" என்று அத்தனை பேர் முன்னாலும் கொட்டித் தீர்த்தேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"அப்பாடா" என்றார்.

மேலிருந்தே எடுத்தார். மகள் சுவரைத் தொட்டு, மூச்சு வாங்கியபடி, "உள்ள விட்டு எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு. உங்கம்மா போனை ஒடச்சுட்டா." பழியை மகிழ்ச்சியாக என் தலையில் போட்டார். "ஆனா நீ தொட்டத எடுத்துட்டேன்."

மகள் உடை மாற்றப் போனதும் கேட்டேன். "நான் கத்தலன்னா விட்டிருப்பீங்களா?"

"தெரியலம்மா. கடையில புது போன், நல்ல தண்ணி, அர நிமிஷம். இது நாலு வருஷப் பழசு, இங்க மருந்துத் தண்ணி. கை போகல. ஆனா பாப்பா கேட்டுட்டா, எல்லாரும் வேற பாக்குறாங்க. யாராவது வேணாம்னு சொல்ல மாட்டாங்களான்னு தவிச்சிட்டிருந்தேன்."

"நல்ல ஆளு. ஊருக்கே தண்ணி காட்டுறவரு."

"எனக்கு ஆறு மாசமா தண்ணி காட்டினது யாரு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாப் படங்களையும் என் போனுக்கு அனுப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவு முகம் ஒன்று முதலில் வந்தது. தலை சொட்டச் சொட்ட வந்து நின்ற மகள் எட்டிப் பார்த்து, "இது யாரு?" என்றாள்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அவர் மகளின் நீச்சல் தொப்பியை வாங்கித் துடைத்து, இரண்டு போன்களையும் அதற்குள் திணித்து இறுக்கினார். நான் குடையை அவர்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு மழையில் இறங்கினேன். ஆறு மாதத்தில் முதல் முறையாக அது வெறும் மழையாக இருந்தது.

"ஏம்மா, நனையிற?" என்று கத்தினார்.

"நனைஞ்சா என்ன? நான் கம்பெனி பசை!"