கந்தம்மாள் மூடி வைத்த லேப்டாப்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் லேப்டாப் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது கண்ணெதிரே நடந்தது. எனக்கும் அங்கே வேலை இருந்தது. என் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தால் அது எழுந்திருக்காது. திரை ஒரு நொடி வெளிச்சம் காட்டும், உடனே கறுத்துவிடும். ஃபேன் மட்டும் உள்ளே பேயாகச் சுற்றும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத் திரும்பப் போட வேண்டும். அதற்குள் சேவ் செய்யாதது எல்லாம் போயிருக்கும். இப்படிச் சில கதைகளைப் பறிகொடுத்திருக்கிறேன். அத்தனையும் அருமையான கதைகள். (தொலைந்து போனவை அருமையாகத்தான் இருக்கும். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?)

2

முதல் தொடக்கம்: "அவர்கள் உள்ளே நுழைந்ததும் கடையே ஒரு கணம்..."

இல்லை. கடை ஒன்றும் ஆகவில்லை. கடையில் இருந்தது நானும் கடைக்காரர் மாதேஸ்வரனும்தான். அவர் குனிந்து என் லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தொடக்கம்: "மரணம் என்பது ஒரு நீண்ட..."

சீ! தூக்கத்தையும் சாவையும் சேர்த்து ஒரு வரி எழுதச் சொல்லிக் கை அரிக்கிறது. அது இந்தக் கதையில் நடக்காது.

நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். முதலில் உள்ளே வந்தது ஒரு லாரி பேட்டரி. தூக்கி வந்தவர் காளியண்ணன். மல்லசமுத்திரம் பக்கம். போர்வெல் போடுகிற ரிக் லாரிக்கு டிரைவர். பேட்டரியின் மேல் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதிலிருந்து ஒரு சார்ஜர் ஒயர் பின்னால் போனது. ஒயரின் மறுமுனையில் அவர் மனைவி கந்தம்மாள், மூடிய லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தியபடி வந்தார். ஒருவர் எட்டி நடந்தால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும் என்பதால் இருவரும் சேர்ந்தே அடியெடுத்து வைத்தார்கள்.

"கரண்டு நிக்கக் கூடாதுங்க," என்றார் காளியண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே. "இதுக்குள்ள இருக்கற பேட்டரி போயிருச்சு. ஒயரப் புடுங்குனா அப்பவே அணைஞ்சுருமுங்க."

லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு வெள்ளை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மூடியிருந்தாலும் உள்ளே இன்னும் அணையவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

3

லேப்டாப் அவர்கள் மகள் சௌமியாவுடையது. நாமக்கல்லில் கல்லூரியில் படித்தவள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என்னுடையதற்கு வந்த அதே நோய் அதற்கும் இருந்தது. ஒரு சாயங்காலம் ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடிப் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் கந்தம்மாள் வந்து அதை மூடிவிட்டார்.

"தொறந்து கெடந்துச்சுங்க அம்மணி," என்றார் என்னிடம். யாரும் கேட்காமலே சொன்னார். "எங்கூட்டுல எதையும் தொறந்து போட மாட்டனுங்க. சோத்துச்சட்டி, தண்ணிக்கொடம், எதுவானாலும் பல்லி விழுந்துருமேன்னு மூடீருவேன். அந்தப் பழக்கத்துல மூடிப்போட்டனுங்க."

திரும்பி வந்த சௌமியா கத்தியிருக்கிறாள். "ஐயோ, மூடிட்டியாம்மா? சேவே பண்ணலியே! உனக்கு எத்தன தடவ சொல்றது? இனி அதத் தொடாத. நா வந்து பாத்துக்கறேன்."

வரவில்லை. பைபாஸில் ஒரு லாரி.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அப்பாவும் லாரிக்காரர் என்பதை வைத்து ஏதோ சாமர்த்தியம் காட்டியிருந்தேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

4

எனக்குப் பொறுக்கவில்லை. எழுதுகிறவளுக்கு அந்த அதிகாரமாவது இல்லையா? அவளை வரவழைத்தேன்:

சௌமியா பொழுது சாய வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். திரை மின்னியது, கறுத்தது. "போச்சு! எல்லாம் உன்னாலதாம்மா!" என்று கத்தினாள். "ஆமாடி, நாந்தான் உன்ர படிப்பக் கெடுத்தேன். வந்து சோத்தத் தின்னு," என்றார் கந்தம்மாள். அவள் பட்டனை அழுத்திப் பிடித்தாள். முனகிக்கொண்டே முதலிலிருந்து டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் கதை. இதை எந்தப் பத்திரிகையும் போடாது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

5

மாதேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டார். "சரி பண்ணிரலாமுங்க. டிரைவர் சாஃப்ட்வேரப் புதுசா போடோணும், ரேமக் கழட்டி மாட்டிப் பாக்கோணும். ஆனா எது பண்றதுன்னாலும் மொதல்ல அணைக்கோணும்."

"அணைக்காமப் பண்ண முடியாதுங்களா?"

"ஓடற வண்டியில எஞ்சின எறக்க முடியுங்களாண்ணா?"

காளியண்ணன் குனிந்து இன்வெர்ட்டர் கயிற்றை இறுக்கினார். பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா தொறந்தா என்னாகும் தம்பி?" என்றார் கந்தம்மாள்.

"எந்திரிச்சாலும் எந்திரிக்குமுங்க. எந்திரிக்கலீன்னா அணைச்சுத்தான் போடோணும். உள்ள இருக்கறது போயிரும். சிலதுல தானாவே சேவ் ஆயிருக்கும். இதுல ஆயிருக்குதான்னு தொறக்காமச் சொல்ல முடியாதுங்கக்கா."

கந்தம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "தொறந்துரலாமுங்க. கருமாதி முடிஞ்சு, ஏத்தி வெச்ச வெளக்கையே எடுத்தாச்சு. இத மட்டும் எத்தன நாளைக்கு மினுக்க வெச்சுப் பாக்கறதுங்க? மூடுனது நானு. நானே தொறந்தர்றேன்."

"வேண்டாம் புள்ள. தொடாதேன்னு பாப்பா சொல்லீட்டுப் போயிருக்குது."

"எங்கிட்டத்தானுங்க சொல்லுச்சு. உங்களுக்கென்ன, நீங்க வண்டியில இருந்தீங்க. என்னைய வைஞ்சுட்டுப் போயிருச்சுங்க. அதுதான் கடேசிப் பேச்சு. அத வெச்சுக்கிட்டு நா எப்படிங்க இருக்கறது?"

6

உள்ளே என்ன இருக்கும்? எழுதுகிற புத்தி சும்மா இருக்குமா? காதல் கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன். அம்மாவைப் பற்றி அவள் எழுதிய கவிதை என்று ஒன்று. இரண்டையும் அழித்தேன். பெரும்பாலும் கல்லூரி அசைன்மென்ட்தான் இருக்கும். "முட்டைகளைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கும்போது கவனிக்க வேண்டியது," என்று பாதியில் நின்ற ஒரு வரி.

கடையிலேயே இதைச் சொல்லிவிட்டேன், ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "காலேஜுக்கு எழுதினதாத்தான் இருக்கும்ண்ணா."

"இருக்கட்டுமுங்க," என்றார் காளியண்ணன். "பாதி வரியா இருந்தாலும் பாப்பா எழுதுனதுதானுங்களே. அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலீங்களே."

[இந்தக் கதையில் நான் அறுத்துப் போட்ட வரிகளை இப்போது மேலே போய்ப் பார்த்தேன். அவற்றை நான் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அதனால்தான் இவ்வளவு அலட்சியமாக அறுத்திருக்கிறேன்.]

7

கந்தம்மாள் லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். மூடியின் மேல் கை வைத்தார். திறக்கத்தான் வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க," என்றார். "சூடா இருக்குதுங்க."

(சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தால் சூடாகத்தான் இருக்கும். மாதேஸ்வரனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.)

"என்னால ஆகாதுங்க. ஊட்டுக்கே கொண்டு போயரலாமுங்க."

காளியண்ணன் மூடியின் மேல் நின்ற அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்தி, எடுத்துவிட்டுச் சொன்னார்.

"தொறந்துரு புள்ள. அந்த வசவோட நீ இருக்க வேண்டாம். என்ன இருந்தாலும் இருக்கட்டும், போனாலும் போகட்டும். தொறந்துரு."

வேண்டாம் என்றவர் திறக்கச் சொல்கிறார். திறப்பேன் என்று வந்தவருக்குக் கை வரவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க அம்மணி. தொறக்கட்டுங்களா?"

8

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் லேப்டாப் எழுந்துவிடுகிறது, திரையில் அந்தப் பாதி வரி நிற்கிறது, கந்தம்மாள் அதை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். நீங்கள் அழுவீர்கள், நான் பாராட்டு வாங்கிக்கொள்வேன். இன்னொன்றில் கறுத்துப் போகிறது. அதில் மாதேஸ்வரன் பட்டனை அழுத்திப் பிடிக்கும் இடம் வரை வந்தேன். அவர் விரலை அதற்கு மேல் என்னால் எழுத முடிய

இந்த வரியை முடிக்கப் போவதில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் லேப்டாப் தயாராக இருந்தது. அவர்கள் சொன்னதைக் கேட்டபடியே மாதேஸ்வரன் அதை மாட்டி முடித்து, மூடித் திறந்து காட்டியிருந்தார், சமர்த்தாக எழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கந்தம்மாளின் தோளைத் தொட்டேன். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. அந்தக் கடையிலும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சந்தில் இறங்கி நடந்துவிட்டேன்.

நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அங்கேயே கிடக்கிறது. விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அந்தம்மா கை இன்னும் மூடியின் மேல்தான் இருக்கிறது, கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் உட்காருங்கள். இப்போது அவர் பார்ப்பது உங்களைத்தான்.

உங்களிடமும் நான் சொல்லிக்கொள்ளவில்லை.