எட்டுக் கை நர்ஸ்

மேட்ரன் நீட்டிய மனுவில் ஏற்கெனவே பதினேழு கையெழுத்துகள் இருந்தன. நகரக் கண்காட்சியில் எவனோ ஒரு சிற்பி நர்ஸ்களைக் கேலி செய்து சிலை பண்ணி வைத்திருக்கிறானாம். உடனே அதை எடுக்க வேண்டுமாம்.

"நீங்க பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டாள் மூன்றாம் வார்டு நர்ஸ்.

"அந்தக் கண்றாவிய நான் எதுக்குப் பார்க்கணும்? டைரக்டர் சொன்னார். நம்ம மானம் போகுது, கையெழுத்துப் போடு."

அவளுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் லேபிளைப் படிக்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுத்துப் பழக்கமில்லாதவள். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். டூட்டி முடிந்ததும், அந்த ஆளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தின் நடுவில் நின்றது சிலை. வெள்ளை உடுப்பு, எட்டுக் கைகள், முகம் நிறையச் சிரிப்பு. ஒன்றில் ஊசி, ஒன்றில் பெட்பேன், ஒன்றில் டெலிபோன், ஒன்றில் பாதி தின்ற ரொட்டி. சிலையின் தோளில் நாற்காலி போட்டு, கோட்டும் டையுமாக ஒரு தொப்பைக்காரர் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே, நர்ஸின் பாதங்கள் வீங்கிச் செருப்பு வாரை மீறிப் பிதுங்கின.

"அண்ணி, இது உங்க காலேதான்," என்றாள் நாத்தனார். "மேல இருக்கிறது யாருன்னு நான் சொல்ல வேண்டாம்."

டைரக்டரும் இப்படித்தான் கடிகாரத்தைத் தட்டுவார். இதை எடுக்கச் சொல்லித்தானா தன் கையெழுத்து?

மூலையில் ஸ்டூலில் இருந்த ஒல்லியான பெண் எழுந்து வந்தாள். "நான்தான் செஞ்சேன். திட்டணும்னா திட்டுங்க, இன்னைக்கு நீங்க ஏழாவது ஆள்."

"இந்தக் காலுங்கள எங்க பார்த்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"எங்கப்பா ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்திருப்பேன். கண்ணுக்கு நேரா தெரிஞ்சது காலுங்கதான்."

"அப்ப முகத்துல எதுக்குச் சிரிப்பு? நாங்க இளிச்சுக்கிட்டா வேலை பார்க்கிறோம்?"

சிற்பி அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "முகத்த நான் சரியா பார்க்கல. தப்புதான்," என்றாள்.

மறுநாள் மனு அவள் கையெழுத்து இல்லாமலே மேட்ரன் மேஜைக்குத் திரும்பியது. "நாப்பது கட்டிலுக்கு ஒருத்தி ஓடுறோமே, அதுக்கு ஒரு மனு எழுதுங்க மேடம். முதல் கையெழுத்து என்னோடது."

"வாய அடக்கு," என்றார் மேட்ரன்.

சனிக்கிழமை சிலையை எடுத்துவிட்டார்கள். 'நர்ஸ்களின் கோரிக்கையை ஏற்று' என்று பத்திரிகை எழுதியது. அதைப் படித்ததும் அவள் காபியைக் கீழே வைத்தாள். பத்திரிகை அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

"எல்லா நர்ஸுமா கேட்டாங்க? நான் கேட்கல. அதையும் போடுங்க."

"பேர் போட்டா உங்க வேலைக்கு ஆபத்து வருமே, சிஸ்டர்," என்றார் நிருபர்.

"வரட்டும். எழுதிக்குங்க."

பெயர், வார்டு, கட்டில்களின் எண்ணிக்கை எல்லாம் சொன்னாள். எழுதியதை ஒருமுறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே போனை வைத்தாள்.